மரத்திற் பதிந்த தெய்வங்கள்: மைசூர் மரப்பதிப்புக் கலையின் சமூக அடித்தளம் பற்றிய ஒரு நோக்கு

1

கருமை படர்ந்த ஈட்டிமரப் பலகையிலே வெவ்வேறு இயற்கை நிறங்கொண்ட மரத்துண்டுகளைப் பதித்து, கண்ணன் அருச்சுனனுக்குக் கீதை உபதேசிக்கும் காட்சியையோ, இராதையும் கண்ணனும் கூடியிருக்கும் கோலத்தையோ, கணபதியின் திருவுருவையோ அமைக்கும் கலை மைசூரிலே வழங்கி வருகின்றது. இத்தகைய கலைகள் குறித்து நிலவும் கருத்துக்களை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்பதை அவதானிக்கலாம். ஒரு சாரார் இவற்றைக் காலங்கடந்த பக்தியுணர்வின் வெளிப்பாடாகக் கண்டு போற்றுவர். மற்றொரு சாரார் இவை சமயப் பொருளைச் சித்திரிப்பவை என்ற ஒரே காரணத்தால், முற்போக்கான ஆய்வுக்கு அருகதையற்றன என ஒதுக்குவர். இரு சாராரும் ஒன்றுக்கொன்று எதிரானோராகத் தோன்றினும், இவர்தம் அடிப்படைத் தவறு ஒன்றேயாகும். பலகையிலே தெரியும் தெய்வத்தையே கலையின் முழு உள்ளடக்கமாக இருவரும் கொள்கின்றனர். அத்தெய்வத்தை அங்கு பதித்த கையையும், பதிக்கச் செய்த சமூக உறவுகளையும் இருவரும் காண்பதில்லை.

முதற் சாராரின் நோக்கிற்கு வலுவான தத்துவ உருவம் அளித்தவர் கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆவார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இலும், இந்தியக் கைவினைஞர் பற்றிய நூல் 1909இலும் வெளிவந்தன. இயந்திர உற்பத்தியும் ஏகாதிபத்திய வாணிபமும் கீழைத்தேயக் கைவினைஞனின் ஆக்கத் திறனைச் சிதைத்தமையை அவர் தெளிவாகக் கண்டார். அப்பணியை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயின், அவருக்கு ஆதர்சமாயிருந்த வில்லியம் மொறிஸ் அதே அவதானிப்பிலிருந்து சமதர்மத்தை வந்தடைய, குமாரசுவாமியோ சாதிவழித் தொழிலமைப்பை நியாயப்படுத்தும் ஆன்மிக விளக்கத்தைச் சென்றடைந்தார். அவ்விளக்கத்தின்படி கைவினைஞனின் உழைப்பே ஒருவகை வழிபாடாகும். வழிபாட்டுக்குக் கூலி கேட்பார் உண்டோ என்ற வினாவை இவ்விளக்கம் எழுப்புவதில்லை.

‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்ற நூலில் இடம்பெறும் ‘பேரரசும் பெருந்தத்துவமும்’ என்ற கட்டுரையிலே, சைவசித்தாந்தத்தைச் சோழப் பேரரசின் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் நெறியைக் கைலாசபதி நமக்குக் காட்டியுள்ளார். தத்துவத்துக்குப் பொருந்தும் அந்நெறி தச்சுப்பட்டறைக்கும் பொருந்தும் என்பதே நமது துணிபு.

2

முதலிற் கலையின் ஆக்கமுறையை நோக்குவோம். தாளில் வரைந்த சித்திரத்தைப் படியெடுத்து, அதன் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனித் துண்டாகப் பிரிப்பர். எவ்வுறுப்புக்கு எம்மரம் என்பது அடுத்துத் துணியப்படும். மஞ்சளுக்குப் பலா, கருமைக்குக் கருங்காலி, பசுமை கலந்த சாம்பல் நிறத்துக்குச் சண்பகம், பழுப்பின் பல சாயல்களுக்குத் தேக்கும் ஈட்டியும் என நிறங்கள் மரத்திலிருந்தே பெறப்படும். துண்டுகளை நுண்ணிய வாளால் அறுத்து, அடிப்பலகையில் அவற்றின் வடிவுக்கேற்பக் குழி செதுக்கிப் பசையிட்டுப் பதிப்பர். பின்னர் மேற்பரப்பு முழுவதையும் ஒரே மட்டமாகத் தேய்த்து மெருகிடுவர்.

இம்முறையிலே ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஓவியனைப் போல இக்கைவினைஞன் நிறத்தைக் குழைத்துப் பெறமுடியாது. மரம் தருவதையே அவன் தெரிந்தெடுக்க வேண்டும். மரத்தின் இழையோட்டம் ஆடையின் மடிப்பாகவும், ஆற்றின் அலையாகவும், மாலை வானத்தின் முகிலாகவும் மாறும் இடத்தைப் பலகையிலே தேடிக் கண்டறிவதே அவனது கற்பனையின் முதற் செயலாகும். இயற்கைப் பொருளின் குணத்தை அறிந்து, அக்குணத்தின் வழியே மனித நோக்கத்தை நிறைவேற்றும் உழைப்பு இது. இக்கலையின் அழகியலை இங்கிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

3

இத்தொழில்நுட்பம் தன்னியல்பிலே பக்தியைச் சுமந்து நிற்கின்றதா? வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலே விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரிகளுக்கும் வணிகருக்கும் நாற்காலிகளும் எழுதுமேசைகளும் பேழைகளும் செய்யப்பட்டன. கரிய மரத்தில் யானைத்தந்தம் இழைத்து, தந்தத்திலே கீறிய கோடுகளிற் கருநிற அரக்கு நிரப்பி உருவாக்கப்பட்ட அப்பொருள்களின் வடிவம் ஐரோப்பியருடையது. ஓரங்களை அணிசெய்தவை பூங்கொடிகள். அங்கே தெய்வங்களுக்கு இடமிருக்கவில்லை. வாங்குவோன் அவற்றைக் கேட்கவில்லை.

மைசூருக்கு அருகே சிறீரங்கப்பட்டினத்திலுள்ள திப்பு சுல்தானின் கல்லறை மாளிகையிலும் தந்தம் இழைத்த கருங்காலிக் கதவுகள் உள்ளன. 1799இல் திப்புவைக் கொன்று அவன் நாட்டைக் கைப்பற்றிய அதே கம்பனியின் ஆள்பதியாகப் பின்னாளில் வந்த டல்ஹவுசி வழங்கிய கொடை அவை. வீழ்த்தப்பட்டவனின் சமாதியை வீழ்த்தியவனின் வாரிசு அழகுசெய்ய, அதற்கும் இக்கலையே பயன்பட்டது.

மைசூர் அரண்மனை 1897இல் தீக்கிரையாகியபின், ஹென்றி இர்வினின் திட்டப்படி எழுந்த புதிய அரண்மனை 1912இல் நிறைவெய்தியது. அதன் அம்பாவிலாச மண்டபத்திலே தந்தம் இழைத்த ஈட்டிமரக் கதவு கணபதி சந்நிதிக்கு வழிதிறக்கின்றது. கரிய மரமும் வெண்தந்தமும் மூன்றிடத்தும் பொது. புரவலரோ மூவேறு திறத்தினர். கம்பனி அதிகாரிக்குப் பூங்கொடி, வீழ்ந்த சுல்தானுக்குச் சமாதிக் கதவு, அரசனுக்குக் கணபதி வாயில். உள்ளடக்கத்தைத் தீர்மானித்தது மரமுமன்று, கைவினைஞனின் பக்தியுமன்று. புரவலனின் தேவையே என்பது இதனாற் பெறப்படும்.

மைசூர் அரசவையில் தெய்வ உருவங்கள் பெற்ற முதன்மையும் இவ்வாறே விளக்கத்தக்கது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் பிரித்தானியர் அரியணையேற்றிய மூன்றாம் கிருஷ்ணராச உடையாரின் கையிலிருந்து நிருவாகம் 1831இல் பறிக்கப்பட்டது. படையும் இறைவரியும் பிறர் வசமாக, அரசனுக்கு எஞ்சியவை சடங்கும் கலையுமே. தெய்வங்களின் உருவ இலக்கணங்களைச் சித்திரங்களோடு தொகுக்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ இவ்வரசனின் ஆதரவிலே எழுந்ததும், மைசூர் ஓவிய மரபு செழித்ததும் தற்செயலானவையல்ல. ஆட்சியதிகாரம் இழந்த நிலமானிய அரசு, தெய்வங்களின் காவலனாகத் தன்னைக் காட்டித் தன் தகுதியை நிலைநிறுத்த முயன்றது. மரப்பதிப்பிலே தெய்வங்கள் பெற்ற இடத்துக்கு அரசவை வகுத்த இவ்வுருவ மரபும் ஒரு முக்கிய பின்னணியாகும்.

4

அரண்மனைக் கதவிலிருந்து வீட்டுச் சுவருக்குத் தெய்வங்கள் இடம்பெயர்ந்தமை அடுத்த கட்டமாகும். கதவும் கட்டிலும் பயன்பாட்டுப் பொருள்கள். பதிப்பு அவற்றுக்கு அணி. சுவரில் மாட்டும் சித்திரப் பலகையிலோ அணியே பொருளாகி விடுகின்றது. மத்தியதர வர்க்கத்தின் வரவேற்பறைக்கும், உல்லாசப் பிரயாணியின் பெட்டிக்கும் ஏற்ற அளவினதாகிய இப்பலகை, இருபதாம் நூற்றாண்டிலே இக்கலையின் முதன்மை வடிவங்களுள் ஒன்றாயிற்று. 1964இல் தோன்றிய கர்நாடக மாநிலக் கைவினைப்பொருள் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் ‘காவேரி’ விற்பனை நிலையங்கள் அதற்கு அரசு சார்ந்த சந்தையை அளித்தன.

இக்காலப் பலகைகளிற் பலவற்றின் அமைப்பு அச்சுப்படத்தின் அமைப்பாகும். இரவிவர்மா 1894இல் பம்பாயை அண்டி நிறுவிய அச்சகத்திலிருந்து பரவிய வண்ணப்படங்கள் இந்தியாவெங்கும் தெய்வங்களுக்கு ஒரு பொதுமுகத்தை வழங்கின. மைசூர் அரசவைக்காகவும் அவர் புராணக் காட்சிகளைத் தீட்டியவர். தூரக்காட்சி, மேடை நாடகப் பாணியிலான நிற்புநிலை, உணர்ச்சி ததும்பும் விழிகள் ஆகிய இவை எண்ணெய் வண்ணத்துக்கு உரியவை, மரத்துக்கு உரியவையல்ல. அவற்றை மரத்திற் பெற முயலும்போதே, முகத்தின் கண்ணையும் புருவத்தையும் தூரிகையால் எழுதவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகின்றது. உருவம் உள்ளடக்கத்தோடு முரணும் இடம் இதுவாகும். இம்முரண்பாட்டைத் தனியொரு கைவினைஞனின் திறமைக் குறைவாகக் கொள்ளலாகாது. மலிவாகவும் விரைவாகவும், வாங்குவோன் ஏற்கனவே அறிந்த முகத்தையே வேண்டும் சந்தையின் விளைவு அது.

5

இனி, இக்கலையை ஆன்மிகமாக மட்டும் விளக்குவோர் எளிதிற் கடந்துசெல்லும் ஓர் உண்மைக்கு வருவோம். மைசூரில் மரப்பதிப்புத் தொழிலில் ஈடுபட்டோருள் முஸ்லிம்கள் கணிசமானோர் ஆவர். மண்டி மொஹல்லா போன்ற பகுதிகளின் சிறு பட்டறைகளிலே, உருவ வழிபாடற்ற சமயத்தைச் சார்ந்த கைகள் கண்ணனின் குழலையும் கணபதியின் துதிக்கையையும் அறுத்துப் பதித்து வந்துள்ளன. பக்தியே கலையின் ஊற்று எனின், இவர்களது கலையின் ஊற்று யாது? பரம்பரையாகப் பெற்ற தொழிலறிவும், பிழைப்பின் தேவையும், நன்கு செய்த வேலையிற் கொள்ளும் பெருமிதமும் என்பதன்றி வேறு விடை இல்லை.

இதனை நாம் வெறும் சமய நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்டி அமைதல் போதாது. ‘மூலதனம்’ முதற் பாகத்திலே (1867) பண்டத்தின் மாயத்தை விளக்க மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் மரத்தாற் செய்த ஒரு மேசை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. சந்தைக்கு வந்ததும் அம்மேசை, மனிதர்களுக்கிடையிலான உறவை மறைத்துப் பொருள்களுக்கிடையிலான உறவாகக் காட்டுகின்றது. தெய்வம் பதித்த பலகையில் இம்மாயம் இருமடியாகின்றது. விலை உழைப்பை மறைக்கின்றது. தெய்வம் உழைப்பாளியை மறைக்கின்றது. வாங்குவோன் காண்பது கீதோபதேசத்தை. மரத்தூளைச் சுவாசித்துக் குனிந்திருக்கும் மனிதனை அவன் காண்பதில்லை. இந்தியாவிலே இந்துப் பண்பாட்டைத் தனியொரு சமயத்தாரின் கலப்பற்ற உடைமையாகப் பிரகடனம் செய்யும் குரல்கள் ஓங்கி ஒலிக்கும் காலத்தில், அந்த உடைமையைச் செய்தளித்த கைகள் யாருடையவை என்று கேட்பது கலை வரலாற்று வினாவாக மட்டும் அமையாது.

6

மூலப்பொருளும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் 1991இலும் திருத்தப்பட்டு, முதலில் இந்தியத் தந்தத்தின் வாணிபமும் பின்னர் ஆபிரிக்கத் தந்தத்தின் வாணிபமும் தடைசெய்யப்பட்டன. யானையின் அழிவைத் தடுக்கும் இச்சட்டத்தின் நியாயத்தை நாம் முற்றாக ஏற்கின்றோம். ஆயின் தந்தத்தின் இடத்தைப் பல பட்டறைகளிற் செயற்கைப் பிளாஸ்திக்கு நிரப்பியது. ஈட்டியை உள்ளடக்கிய மரப்பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2022இல் எடை குறைந்த கைவினைப்பொருள்கள் தொடர்பில் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. காட்டை அழித்த பெரும் வாணிபத்துக்கு விதிக்கப்பட்ட விலையிற் சிறு பட்டறையும் பங்கு செலுத்துகின்றது.

மைசூர் ஈட்டிமரப் பதிப்பு புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் பெற்றுள்ளது. இது பெயரைப் போலியிலிருந்து காக்கும். ஆயின் அப்பாதுகாப்பு ஊரின் பெயருக்கு உரியது. கூலிவீதத்துக்கும் முதுமைக்கால ஆதரவுக்கும் அதனால் உத்தரவாதம் இல்லை. பெயர் காக்கப்பட்டு, பெயருக்குரியோர் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்புவராயின், காக்கப்பட்டது யாது என்று கேட்க வேண்டியுள்ளது.

7

மேற்கூறியவற்றால் இக்கலை வெறும் சந்தைப் பண்டமே என்று நாம் முடிவுகூறுவதாகக் கொள்ளலாகாது. அத்தகைய முடிவு கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். சந்தை பொருளைத் தீர்மானித்த போதும், பொருளுக்கும் மரத்துக்கும் இடையே கைவினைஞன் வென்றெடுத்த ஒரு சிறு சுதந்திரம் உண்டு. சிறந்த பலகைகளிலே அதனைக் காணலாம். அங்கே வானம் தீட்டப்படவில்லை. அடிமரத்தின் இழையே வானமாக விடப்பட்டுள்ளது. குதிரையின் தசை பலாவின் வளையங்களால் திரள்கின்றது. அத்தகைய இடங்களிலே தெய்வக்கதையைப் பார்க்கும் கண், மரத்தை அறிந்த மனிதனையும் பார்க்கின்றது. தூரிகையின் துணைகொண்டு அச்சுப்படமாக மாறத் துடிக்கும் பலகைகளில் அம்மனிதன் மறைந்து விடுகின்றான். எனவே உழைப்பைத் தன் மேற்பரப்பில் வெளிப்படுத்தும் அளவே இக்கலையின் தரத்தை அளக்கும் கோலாகும்.

தெய்வங்களைக் காரணங்காட்டி இக்கலையை முற்போக்காளர் ஒதுக்குவராயின், அதனைச் செய்தோரையும் சேர்த்தே ஆன்மிகவாதிகளிடமும் வணிகரிடமும் ஒப்படைத்தவராவர். பலகையின் முன்பக்கத்தைப் போற்றுவதற்குப் பலர் உளர். அதன் பின்பக்கத்தில் எழுதப்படாத பெயர்களைத் தேடுவதும், அப்பெயருக்குரியோரின் நியாயமான ஊதியத்தைக் கலைப்பிரச்சினையாகவே எடுத்துப் பேசுவதும் நமது திறனாய்வின் கடமையாகும்.