சுடுமண் புரவியும் அதன் நிலைக்களனும்

திருச்சிராப்பள்ளித் தில்லை நகரை அடுத்துள்ளது உறையூர். சோழர் தலைநகராய் விளங்கிய இவ்வூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய புறப்பாட்டு (228) ஒரு குயவனை நோக்கியே எழுந்தது. இத்துணைப் புகழுடையானை அடக்கும் தாழி வேண்டின், நிலவுலகையே சக்கரமாகவும் மாமலையையே மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் இயலுமோ என்பது அதன் கருத்து. கலத்தை அது தாங்கும் பொருளால் அளக்கும் இம்முறை, தொன்மங்களைக் கருவாகக் கொண்டு இக்காலத்தார் வனையும் மண்ணுருவங்களைத் திறனாய்தற்கும் ஏற்றதென்று கருதுகின்றோம்.

பழம்பெருங் கட்டடத்தில் வைக்கப்பெறின் புதுக்கலமும் பெருமையுறும் என்பார் உளர். இக்கூற்று பொருந்துமா என்பதை ஐயனார் புரவியைக் கொண்டு ஆராய்வாம். புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் புரவி வனையத் தொடங்குவர். மணலும் உமியும் கலந்து பிசைந்த மண்ணால் கால், உடல், தலை எனப் பகுதி பகுதியாக எழுப்பி, வைக்கோலும் விறகும் இட்டுச் சுடுவர். புரவியெடுப்பில் ஊர்வலமாகச் சென்று கோயில் வெளியில் நிற்கும் அக்குதிரை, மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாகும். பின்னர்ப் புதியது வரும். ஆதலின் சிதைவு இக்கலைக்குக் குறையன்று, அதன் இயல்பேயாம்.

1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில், பெயர்த்தெடுத்து மீள அமைத்த பழைய வீடுகளோடு ஐயனார் புரவிகளும் காட்சி தருகின்றன. வடிவைக் கண்ணுறுவார்க்கு இது பெரும்பயன் தருவதே. எனினும் ஊரைக் காக்க நின்ற குதிரை ஈண்டு நம்மாற் காக்கப்படுகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. காட்சிக்கூடம் நிலத்தை ஓரளவு தரலாம். திருவிழாவாகிய பொழுதைத் தருதல் அரிது.

அங்ஙனமாயின் கோயிற்புறத்தன்றி மட்கலைக்கு வாழ்வில்லையோ எனின், அன்று. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றமை, இம்மரபு கோயிலெல்லை கடந்தும் மதிக்கப்படுதற்குச் சான்று. புதுச்சேரியில் 1971இல் டெபோரா சுமித்தும் ரே மீக்கரும் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். மீக்கர் பச்சை மண்ணால் வீட்டையே கட்டி, அதனையே சூளையாக்கிச் சுட்டும் பார்த்தார். அதில் தொன்மக்கதை ஏதுமில்லை. ஆயினும் கலமும் இடமும் வேறற்று ஒன்றாயின.

இதனால் பெறப்படுவது யாது? இடம் கலத்தைச் சூழ்ந்து நிற்றல் வேறு. மண்ணாலும் தீயாலும் பயனாலும் கலத்தினுள் புகுந்து நிற்றல் வேறு. முன்னது அலங்காரம், பின்னதே முதற்பொருள். திருவரங்கத்துப் பழைய மண்டபமொன்றில் அரவணைத் துயிலைச் சுடுமண்ணிற் படைத்து வைக்க ஒருவர் முற்படின், மண்டபத்தின் தொன்மை அவருக்குத் துணையாகாது. காவிரியின் வண்டல் அவ்வுருவில் என்ன செய்துள்ளது என்பதையே நாம் முதற்கண் வினவுதல் வேண்டும்.