பழைய கெர்னல் காப்பாற்றும், பழைய கிரப்?

2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, நந்தனத்தில் உள்ள எல்காட் வழியாக வாங்கிய கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கியது சென்னை சி-டாக். மயிலாப்பூர், தி.நகர் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தான் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைப் பார்த்தார்கள். எதில் நுழைவது என்று கேட்கும் அந்தத் தொடக்க மெனுவைக் காட்டுவது கிரப் என்ற பூட்லோடர். அந்த மெனுவை எழுதுவது யார்?

டெபியன் வழிவந்த லினக்ஸ்களில், இயங்குதளத்தின் கருவான கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் 'அப்டேட்-கிரப்' என்ற கட்டளை தானே ஓடி, மெனுக் கோப்பை அடியிலிருந்து எழுதிவிடுகிறது. நாம் அதில் கைவைத்தது எதுவும் மிஞ்சாது. இது சரியான ஏற்பாடுதான். பழைய கிரப்பில் மெனுவைக் கையால் திருத்தும்போது ஓர் எழுத்து பிசகினாலும் கணினி கிளம்பாமல் போகலாம். இன்று விருப்பங்களுக்குத் தனிக் கோப்பு இருக்கிறது. புதிய கெர்னலில் வைஃபை வேலை செய்யவில்லையா? மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் நுழைந்துகொள்ளலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு கிரப்புக்கே கிடையாது. பயாஸ் கணினியில் கிரப்பின் மையப் பகுதி வட்டின் தொடக்கத்திலும், மாட்யூல்கள் பூட் அடைவிலும் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட கணினியில், அப்டேட்டின்போது புதிய மையம் எஸ்எஸ்டியில் எழுதப்படாமல் போக வாய்ப்புண்டு. அப்போது பழைய மையமும் புதிய மாட்யூல்களும் ஒத்துப்போகாது. அடுத்த முறை பட்டனை அழுத்தினால் 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்றொரு வரி, கீழே 'கிரப் ரெஸ்க்யூ'. மெனுவே வராது. 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸில் நடந்ததும் இந்த வகைதான்: வட்டில் இருந்த பழைய கிரப்புக்குப் புரியாத கட்டளையோடு புதிய மெனு எழுதப்பட்டது, பல கணினிகள் கிளம்பவில்லை.

இரட்டை இயங்குதளக்காரர்களுக்கு இன்னொரு அடி. 2021-இல் வந்த கிரப் 2.06, மற்ற இயங்குதளங்களைத் தேடுவதைப் பாதுகாப்பு கருதி இயல்பாகவே நிறுத்திவிட்டது. காரணம் நியாயமானது. சொன்ன விதம்தான் போதாது. டெர்மினலில் ஓடி மறையும் ஓர் எச்சரிக்கையை எத்தனை மாணவர் படிப்பார்? மெனுவில் விண்டோஸ் வரி காணாமல் போனால், விண்டோஸே அழிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது வட்டில் பத்திரமாக இருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அப்டேட்-கிரப்பை ஓட்டினால் திரும்பிவிடும்.

கெர்னலுக்குத் தரும் மறுவாய்ப்பை லினக்ஸ் வழங்குவோர் கிரப்புக்கும் தர வேண்டும். அதுவரை, கிரப் அப்டேட் ஆன அன்று ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் லைவ் யுஎஸ்பி ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.