அடிகோள்வழி வடிவமைப்பு: ஒரு திறனாய்வு

அடிகோள்வழி வடிவமைப்பு என்பது, பொறியியல் வடிவமைப்பை அனுபவத்திடமும் உள்ளுணர்விடமும் மட்டும் விட்டுவிடாமல், சில அடிப்படை விதிகளின்மேல் நிறுத்த முயலும் கோட்பாடு ஆகும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த நாம் பியோ சூ இதை உருவாக்கினார். 1990-இல் வெளிவந்த 'வடிவமைப்பின் கொள்கைகள்' என்ற ஆங்கில நூலில் அவர் இதை விரிவாக விளக்கினார்.

கோட்பாடு

ஒரு பொருள் செய்ய வேண்டிய வேலை 'செயல்தேவை' எனப்படும். அதை நிறைவேற்ற வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கும் உறுப்பு அல்லது அளவு 'வடிவமைப்புக் காரணி' ஆகும். இவற்றின் தொடர்பு ஓர் அணியாக எழுதப்படுகிறது.

முதல் அடிகோளின்படி, ஒரு செயல்தேவையைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடக்கூடாது. மூலைவிட்ட அணி கிடைத்தால் இது முழுமையாக நிறைவேறும். முக்கோண அணி கிடைத்தால், காரணிகளை உரிய வரிசையில் சரிசெய்து நிறைவேற்றலாம். மற்றவை 'பிணைந்த' வடிவமைப்புகள், அவை தவிர்க்கத்தக்கவை.

இரண்டாம் அடிகோளின்படி, எஞ்சியவற்றுள் தகவல் அளவு குறைந்ததே சிறந்தது. வெற்றிக்கான நிகழ்தகவு 1/2 எனில் தகவல் 1 பிட். 1/8 எனில் 3 பிட்.

குழாய் எடுத்துக்காட்டு

வெந்நீருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என இரு திருகுகள் உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். நீரின் வேகமும் வெப்பநிலையும் செயல்தேவைகள் எனில், எந்தத் திருகைத் திருப்பினாலும் இரண்டுமே மாறும். எனவே இது பிணைந்த வடிவமைப்பு. மேலும் கீழும் அசைத்தால் வேகமும், பக்கவாட்டில் அசைத்தால் வெப்பநிலையும் மாறும் ஒற்றைக் கைப்பிடிக் குழாய் பிணைப்பற்றது.

திறனாய்வு

இதே குழாயில் செயல்தேவைகளை மாற்றிப் பார்க்கலாம். வாளியில் இவ்வளவு வெந்நீர், இவ்வளவு தண்ணீர் என்று நிரப்புபவருக்கு, வெந்நீரின் அளவும் தண்ணீரின் அளவுமே தேவைகள். இப்போது இரு திருகுக் குழாய் பிணைப்பற்றதாகவும், ஒற்றைக் கைப்பிடிக் குழாய் பிணைந்ததாகவும் ஆகிவிடுகின்றன. குழாய்கள் மாறவில்லை, கேள்வி மாறியிருக்கிறது. ஆகவே அணி தரும் தீர்ப்பு, தேவைகளை முதலில் எப்படி எழுதினோம் என்பதைச் சார்ந்தது. பயனரின் விருப்பத்திலிருந்து அவற்றைப் பெற வேண்டும் என்கிறார் சூ. சரியாகப் பெற்றோமா என்று சோதிக்க இவ்விரு அடிகோள்களும் உதவுவதில்லை.

பிணைப்பு எப்போதும் குறையா என்பது அடுத்த கேள்வி. பயணிகள் விமானங்களின் எரிபொருளில் பெரும்பகுதி இறக்கைக்குள் வைக்கப்படுகிறது. ஏற்றுவிசை இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. எரிபொருளின் எடை கீழ்நோக்கி இழுத்து, இறக்கையின் அடிப்பகுதியில் வளைவுச் சுமையைக் குறைக்கிறது. இங்கே எரிபொருள் சேமிப்பும் கட்டமைப்பின் வலிமையும் ஒன்றையொன்று பாதிக்கின்றன; அந்தப் பாதிப்பே நன்மையாகிறது. இத்தகைய துறைகளில் பிணைப்பை அறவே நீக்குவதைவிட, அதைக் கணக்கிட்டு மீண்டும் மீண்டும் திருத்துவதே நடைமுறை.

மதிப்பீடு

யூக்ளிடின் வடிவியலில் அடிகோள் என்பது நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்று. சூவின் அடிகோள்களோ, நல்ல வடிவமைப்புகளைக் கவனித்துத் தொகுத்த பொது விதிகள். விதிவிலக்கு கிடைத்தால் மறுபரிசீலனைக்கு உரியவை. எங்கெங்கே பிணைப்பு உள்ளது என்பதை வரைபடத்திலேயே காட்டிவிடுவது இம்முறையின் உண்மையான பயன். மாணவர்கள் அணியை எழுதுமுன், அதிலுள்ள தேவைகள் யாருடையவை என்று கேட்டுப் பழகுவது நல்லது.