தவிலுக்கு ஆடும் பிள்ளை

புளியங்குடியில் போன வருடம் அம்மன் கொடை. நையாண்டி மேளம் உச்சத்தில் இருந்தபோது அக்கா மகள் கூட்டத்துக்கு நடுவே தாளம் பிசகாமல் ஆடினாள். பிறவியிலேயே காது கேளாதவள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "என்னமா ஆடுதா பாரு, பிள்ளைக்குக் காது சரியாயிட்டுல்லா" என்றாள் பெரியம்மா. அடுத்த மாதமே அக்கா திருநெல்வேலிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த 'சரியாயிட்டு' என்னை உறுத்தியது. அப்போதுதான் டேரியஸ் மார்டரின் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' (2019) படத்தை மறுபடி பார்த்தேன்.

நம்மிடம் 'மொழி' (2007) உண்டு. காது கேளாத அர்ச்சனா, அவளைக் காதலிக்கும் இசைக்கலைஞன். நல்ல படம்தான். ஆனால் அதில் கேட்டல் என்பது இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. இம்ப்ளாண்டோ அந்த நடுவில்தான் இருக்கிறது. 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' நம்மை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறது. செவித்திறனை இழந்த டிரம்ஸ் கலைஞன் ரூபன் இருப்பதை விற்று இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு விருந்தில் காதலி பாடுகிறாள். நமக்குக் கேட்பது தகரம் கிழிபடும் ஓசை. 2021இல் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம் அது.

ஏன் அப்படிக் கேட்கிறது? உள்காதின் சுருள் ஹார்மோனியக் கட்டை வரிசை போன்றது; ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி. அந்தச் சுருளுக்குள் 12 முதல் 22 மின்முனைகள் வரை நுழைக்கிறார்கள். வெளியே இருக்கும் ப்ராசஸர் ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சத்தம் ஏறி இறங்குவதை மட்டும் மின்துடிப்பாக அனுப்புகிறது. அலையின் நுண்ணிய நெளிவுகள் பெரும்பாலும் கழிந்துவிடும்.

தவிலின் உயிர் அந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. அது பெருமளவு போய்ச் சேரும். சுருதியின் கதை வேறு. 22 முனைகள் உள்ள ஒரு சாதனத்தின் வழக்கமான அமைப்பில் முதல் பட்டை 188 முதல் 313 ஹெர்ட்ஸ் வரை. பாடகியின் சட்ஜம் 200 என்றால் பஞ்சமம் 300. அதாவது ச முதல் ப வரை, அடிப்படை அதிர்வுகள் எல்லாம் ஒரே முனையில். மேல் அதிர்வுகள் பக்கத்து முனைகளில் கொஞ்சம் துப்புக் கொடுக்கும், அவ்வளவுதான். கமகத்துக்கு அங்கே இடம் ஏது?

பேச்சுக்கு இது போதும் என்பார்கள். 1995இல் ராபர்ட் ஷானன் குழு, நான்கே பட்டைகளாகச் சுருக்கிய பேச்சையும் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே மொழி தெரிந்தவர்கள். அக்கா மகள் அந்தச் சில பட்டைகளிலிருந்தே தமிழைக் கட்டி எழுப்ப வேண்டும். தவிலுக்கு ஆடுவது அதற்கு அத்தாட்சி ஆகாது.

படத்தோடு நான் முரண்படும் இடமும் இதுதான். ரூபனுக்கு ஒரு 'முன்பு' இருக்கிறது. புதிய ஒலியைப் பழையதோடு ஒப்பிட்டு ஏமாறுகிறான், கழற்றி வைக்கிறான். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மூளை பழக எடுத்துக்கொள்ளும் மாதங்கள் திரையில் இல்லை. அக்கா மகளுக்கு 'முன்பு' என்பதே கிடையாது. நமக்குத் தகரமாகக் கேட்பதுதான் அவளுக்கு முதல் ஒலி. இயந்திரம் எதைக் கடத்துகிறது, எதை விடுகிறது என்று சொல்ல இசையைவிட நல்ல உதாரணம் இல்லை. அவள் வாழ்க்கை குறைபட்டது என்று தீர்ப்பெழுத அதே இசையைப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் 22 பட்டை வடிகட்டி எழுதினேன். எங்கள் பக்கத்துக்காரர் காருகுறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) 'சிங்காரவேலனே'வுக்கு வாசித்த நாதஸ்வரத்தை அதன் வழியே விட்டு அக்காவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டாள். காற்று இரைந்தது, ராகம் இல்லை. அடுத்து ஒரு தவில் தனியை விட்டேன். விரல் தானாகத் தொடையில் தாளம் போட்டது.

"பிள்ளைக்கு இப்படியாடா கேக்கும்?"

"தெரியாதுக்கா. இது கேக்குற காதுக்குச் செஞ்ச நகல். அவ காது அவளுக்குத்தான் தெரியும். ஆனா எது உள்ள போகுது, எது போகலைங்கிறது இதுதான்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "செவ்வாய்க்கிழம காலைல மொத பஸ் எத்தன மணிக்குடா?" என்றாள்.