நதியில் மூவர், நடுவே ஒரு பெண்

கடலை நம்பி வாழ்வோர்க்குப் படகு விளையாட்டுப் பொருளன்று. விடியுமுன் வள்ளம் இறங்கிய வீட்டில், அது மீண்டும் கரையேறும்வரை செபம் ஓய்வதில்லை. அத்தகைய தூத்துக்குடிக் கரையில் அமர்ந்து, உல்லாசத்திற்காகப் படகேறிய மூன்று நண்பர்களின் கதையை வாசித்தபோது, முதலில் நமக்குச் சற்றே சினமும், பின்னர் அடக்கவியலாச் சிரிப்பும் எழுந்தன.

ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் வெளியிட்ட ‘த்ரீ மென் இன் எ போட்’ என்னும் ஆங்கில நாவலே அது. ஜே, ஜார்ஜ், ஹாரிஸ் ஆகிய மூவரும், மான்ட்மொரன்சி என்னும் நாயும், தேம்ஸ் நதியில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குச் செல்கின்றனர். மருத்துவ நூலொன்றைப் புரட்டிய ஜே, ஒன்று நீங்கலாக எல்லா நோய்களும் தமக்கு உண்டென்று முடிவு செய்தவர். அன்னாசி டப்பாவைத் திறக்கும் கருவியை மறந்துவிட்டு, கத்தியாலும் கத்தரிக்கோலாலும் கல்லாலும் பாய்மரத்தாலும் அதனோடு போரிட்டுத் தோற்று, இறுதியில் ஆற்றில் எறிகின்றனர்!

இந்நகைச்சுவையைக் கொச்சை என்று இகழ்ந்த விமர்சகர் அன்று இருந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. உடலுக்கு ஓய்வு வேண்டுவது போல ஆன்மாவுக்கும் ஓய்வு வேண்டும், விளையாட்டும் நகையுமே அவ்வோய்வு என்று புனித தோமா அக்குவினாரே கற்பித்துள்ளார். ஜெரோம் பிறரைவிடத் தம்மையே மிகுதியாக நகைக்கிறார். தன்னைக் கண்டு நகைப்பவன் தாழ்ச்சியின் வாயிலில் நிற்கிறான்.

ஆயினும், பதினாறாம் அத்தியாயத்தில் நம் சிரிப்பு உறைந்துவிடுகிறது. கோரிங் அருகே ஒரு பெண்ணின் சடலம் நீரில் மிதந்து வருகிறது. காதலனால் வஞ்சிக்கப்பட்டவள், உறவும் நட்பும் கதவடைத்தபின், குழந்தையைத் தனியே வளர்க்கப் போராடித் தோற்றவள். நதி அவளைத் தன் கரங்களில் அணைத்து வேதனையை அடக்கியதாக ஆசிரியர் உருகுகிறார். உடலைக் கரையில் நின்றோரிடம் விட்டுப் படகு நகர்கிறது. அடுத்த அத்தியாயத்தில் துணி வெளுக்கும் வேடிக்கை!

இத்தாவல் கலைக்குறையென்பர் சிலர். வாழ்வும் இப்படித்தான் தாவுகிறது என்பதால் அதனை நாம் மன்னிக்கலாம். நாம் உடன்படாதது அந்த உருக்கத்தோடுதான். நதி எவரையும் அணைப்பதில்லை என்பதைக் கடற்கரையார் அறிவர். அணைத்திருக்க வேண்டியவை மனிதக் கரங்கள். திறந்திருக்க வேண்டியவை வீட்டுக் கதவுகள். மரணத்தை அழகாக்கும்போது, கதவடைத்தோரின் பழி மெல்லக் கழுவப்பட்டுவிடுகிறது.

இதைச் சொல்லும் தகுதி நமக்குண்டா? 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தன்னுயிர் மாய்த்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு கூறுகிறது. சட்டம் கதவைத் திறந்தது. நம் தெருக்கள் திறந்தனவா?

ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பும் வழியில் மழைக்கு அஞ்சிய மூவரும் படகைக் கைவிட்டு, இரயிலேறி, லண்டனில் சுவையான இரவுணவு அருந்துகின்றனர். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) காட்டும் நம் கடலோடிகளுக்கு அப்படியோர் இரயில் இல்லை. அப்பெண்ணுக்கும் இருக்கவில்லை.

அன்பு வாசகரே, இந்நாவலை வாசித்து மனமாரச் சிரியுங்கள். பின்னர், உங்கள் தெருவில் எவ்வீட்டுப் பெண்ணிடம் எவரும் பேசுவதில்லை என்று எண்ணிப் பார்த்து, இன்று மாலையே அக்கதவைத் தட்டுங்கள்.