இரண்டு பெட்டிகளும் ஒரு பாடபேதமும்

முன்துணியைக் கழற்றியதும் வூஃபரைச் சுற்றியிருந்த கறுப்பு விளிம்பு என் விரலோடு வந்துவிட்டது. நனைந்த கேக் மாதிரி பிசுபிசுவென்று. துடைக்கத் துடைக்கக் கறை போகவில்லை. நடுவில் இருந்த காகிதக் கோன் மட்டும் பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாக அம்மா இந்த இரண்டு பெட்டிகளின் மேல்தான் பூச்சாடி வைத்திருந்தார்.

1992இல் அப்பா இதை வாங்கினார். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்கார மேற்பார்வையாளர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றாராம். 400 வெள்ளி. "அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரிஜ் வாங்கியிருக்கலாம்" என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். ஏ.ஆர். என்ற அமெரிக்கக் கம்பெனியின் சின்ன மாடல், 8 அங்குல வூஃபர். மாடல் எண் இருந்த காகிதத்தைக் கரப்பான் தின்றுவிட்டது. பின்பலகையில் பசையின் தடம் மட்டும்தான் மிச்சம்.

பழைய ஸ்பீக்கர்களைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. வார இறுதியில் அம்கார்ப் மாலின் பழைய பொருள் சந்தைக்குப் போனால் காதில் விழும். 'அந்தக் காலத்து சவுண்டே தனி.' 'வெதுவெதுப்பா இருக்கும்.' இலக்கியத்திலும் இதே குரலைக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்து எழுத்தில் ஓர் ஈரம் இருந்தது, இப்போது வறண்டுவிட்டது என்பார்கள். இந்தப் பேச்சின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அப்பாவின் பெட்டியைத் திறந்த பிறகு அது கூடியது. நான் நினைத்திருந்த காரணத்துக்காக இல்லை.

முதலில் அந்த விளிம்பு. அது பாலியூரித்தேன் ஃபோம். காற்றில் இருக்கும் ஈரம் அந்த ஃபோமின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கிறது. பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அது மக்கத்தான் போகிறது. நம்மூர் ஈரப்பதத்தில் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு. மற்ற ஸ்பீக்கர்களிலும் விளிம்பு மக்கினால் தொல்லைதான், ஆனால் ஏ.ஆர். பெட்டியில் அடிப்படைக் கொள்கையே செத்துவிடும். 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர், தன்னிடம் படித்த ஹென்றி குளோஸுடன் சேர்ந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அதுவரை கோனைப் பிடித்து நிறுத்த விறைப்பான தாங்கிகளைப் பயன்படுத்தினார்கள். கோன் அதிகம் அசையும்போது தாங்கி முரண்டு பிடிக்கும், ஒலி திரியும். வில்ச்சர் தாங்கியைத் தளர்த்தினார், பெட்டியைக் காற்று புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் ஆனது. அலமாரி அளவில் இருந்த பாஸ் ஒலி, புத்தக அடுக்கில் வைக்கிற அளவுக்கு வந்தது. ஆகவே விளிம்பில் ஓட்டை விழுந்தால் ஸ்பிரிங்கே போய்விட்டது என்று அர்த்தம்.

புது விளிம்பு ஒட்டுவதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஆல்கஹால் வைத்துப் பழைய பசையைச் சுரண்ட இரண்டு இரவுகள் போயின. நடு மூடியைப் பிளேடால் அறுத்து எடுத்து, வாய்ஸ் காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினேன். காயில் நடுவில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் காந்தத்தில் உரசும். ஒட்டி, ஒரு நாள் காய விட்டு, கோனை மெதுவாக அழுத்தி விட்டேன். சட்டென்று துள்ளி வராமல் பெருமூச்சு விடுவதுபோல் மெல்லத் திரும்பி வந்தது. பெட்டி மூடியிருக்கிறது, காற்று பிடித்துவிட்டது. பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

முதலில் போட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்த இசைத் தொகுப்பு. அப்பாவிடம் அதன் கேசட் இருந்தது, நாடா பூஞ்சை பிடித்துவிட்டதால் போனிலிருந்துதான் ஓட விட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அறைக்குள் வந்தது. இனிப்பாக, உருண்டையாக, கூரில்லாமல். அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதான்யா நம்ம ஸ்பீக்கரு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எஞ்சினியர் புத்தி விடவில்லை. பெட்டிக்குள் கிராஸ்ஓவர் என்று ஒரு சின்னச் சுற்று உண்டு, கீழ்ச்சுருதியை வூஃபருக்கும் மேல்சுருதியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது. அதிலுள்ள கெப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். இந்த வகை கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும், அதன் உள்தடை ஏறும். ஓர் ஓம்கூட இருக்கக் கூடாத இடத்தில் 3 ஓமுக்கு மேல் காட்டியது. 8 ஓம் ட்வீட்டர் என்றால் ஏறத்தாழ 3 டெசிபெல் இழப்பு. வயலினில் வில் நரம்பைக் கடிக்கிற சத்தம், பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம், எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. மிஞ்சுவதைத்தான் நாம் வெதுவெதுப்பு என்கிறோம்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தையில் கொண்டாடப்படும் பழைய இனிமையில் ஒரு பகுதி வடிவமைத்தவர் கொடுத்தது அல்ல, பொருள் கெட்டுப்போனதால் வந்தது. ஏ.ஆர். இனிமையை விற்ற கம்பெனியும் அல்ல. 1960களில் அவர்கள் மேடையில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நரம்பிசைக் குழு வாசித்துக்கொண்டே இருக்கும். நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வில்லை மட்டும் ஆட்டும், இசை ஸ்பீக்கரிலிருந்து தொடரும். எங்கே மாறியது என்று கேட்டவர்களில் பலரால் சொல்ல முடியவில்லை. விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டது 'எங்கள் பெட்டிக்கு என்று தனிக்குரல் கிடையாது' என்பதைத்தான். அந்தப் பெட்டியை நாற்பது வருடம் கழித்து, தனிக்குரல் இருப்பதற்காகப் பாராட்டுகிறோம்.

ஜாலான் பாசாரில் புது ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்கி வந்து மாற்றினேன். மீண்டும் அதே வயலின். வில்லின் ரோசனம் வரை கேட்டது. எனக்குச் சிலிர்த்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் நின்றார். "என்னாய்யா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு. வேற யாரோ வாசிக்கிறாங்க."

"இதுதான்பா ஒரிஜினல்."

"அப்போ நான் கேட்டது என்னா?"

பதில் இல்லை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, 'ஒரிஜினல்' என்று நான் சொன்னதே பொய். புது ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு உள்தடை கிட்டத்தட்டக் கிடையாது. அந்தக் காலத்துக் கெப்பாசிட்டர் புதிதாக இருந்தபோதே அதற்குக் கொஞ்சம் உள்தடை இருந்தது. வடிவமைத்தவர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ட்வீட்டரின் அளவை முடிவு செய்திருப்பார். ஆக நான் சரிசெய்யவில்லை, மூலத்தில் இல்லாத பிரகாசத்தை ஏற்றிவிட்டேன். கெப்பாசிட்டரின் மேல் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. புதிதில் உள்தடை எவ்வளவு என்பது எங்கும் அச்சாகவில்லை.

இந்த இடத்தில்தான் உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1894இல் வந்த அவருடைய புறநானூற்றுப் பதிப்பு. 267, 268ஆம் பாடல்கள் சுவடிகளில் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்கள் சிலவற்றிலும் அடிகள் சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களில் இன்று நாம் பார்ப்பது வெறும் புள்ளிகள். யாப்புத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் புள்ளிகளை நிரப்புவது கஷ்டமான வேலை இல்லை, அழகாகவே நிரப்பலாம். அப்படிச் செய்யாமல் விட்டதுதான் பெரிய வேலை. சுவடிக்குச் சுவடி சொல் மாறினால் ஒன்றைத் தேர்ந்து மேலே வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் 'பி-ம்.' என்று போடுவார், பிரதிபேதம். தேர்வு அவருடையது. ஆனால் தேர்ந்திருக்கிறார் என்பதை வாசகனுக்கு மறைக்கவில்லை. நான் ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு ஒரிஜினல் என்றது, புள்ளிகளை என் சொந்தச் சரக்கால் நிரப்பிவிட்டுச் சங்கப் பாடல் என்று சொன்னதற்குச் சமம்.

சேர்ப்பதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அதே தொகுப்பில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' இருக்கிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டீட்டாவின் முதல் பகுதி, அதைச் சுற்றி இளையராஜா எழுதிச் சேர்த்த நரம்பிசை. அப்பட்டமான இடைச்செருகல். ஆனால் தலைப்பிலேயே விலாசம் இருக்கிறது, சந்திப்பு நடந்தது என் வீட்டில் என்று. பாக்கின் பெயரில் அவர் எதையும் கடத்தவில்லை. இளையராஜாவின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதில் இருக்கும் இந்த நேர்மையைப் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

உறுத்திய இன்னொன்று அப்பாவின் கேள்வி. 1992இல் அவர் வாங்கும்போதே அது பழைய பெட்டி. கெப்பாசிட்டர் அப்போதே காயத் தொடங்கியிருக்கும். அவர் முதல் நாள் கேட்டதும் ஒரு பாடபேதம்தான். ஆனால் அந்தப் பாடத்தில்தான் அவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தபடி பாட்டுக் கேட்டார். என்னைத் தூங்க வைத்ததும் அந்த ஒலியில்தானாம்.

போதாததற்கு அவருடைய காது. 27 வருடம் அழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். இரைச்சலில் கெட்டுப்போகும் காதில் முதல் பள்ளம் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் விழும் என்று படித்திருக்கிறேன். அப்பாவைக் கட்டாயப்படுத்திச் சோதனைக்குக் கூட்டிப் போனேன். தாளில் கோடு அங்கே கிணறு மாதிரி இறங்கியிருந்தது. நான் குழம்பினேன். அந்தப் பகுதியே கேட்காதவருக்கு ட்வீட்டர் ஏறியது எப்படி உறுத்தும்? சோதித்தவர் விளக்கினார். இப்படிக் கெட்ட காதுக்குச் சின்னச் சத்தம் கேட்கவே கேட்காது. ஓர் அளவைத் தாண்டினால் மற்றவருக்குக் கேட்கிற அதே வேகத்தில் வந்து அறையும். நடுவில் இருக்கும் படிகள்தான் போய்விட்டன. அதனால்தான் "என்னா சொன்ன?" என்பார். திரும்பக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் "ஏன்டா கத்துற?" என்பார். இத்தனை வருடம் அதைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். எத்தனை முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றிரவு வில்ச்சரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1967இல் அவர் கம்பெனியை விற்றுவிட்டார். அதன் பிறகு ஸ்பீக்கர் பக்கம் போகாமல் காது கேட்கும் கருவிகளை ஆராயத் தொடங்கினார். 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது அப்பாவின் பிரச்சினையேதான், தொலைந்துபோன நடுப்படிகள். ஒலியைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் சின்னதை உயர்த்தி, பெரியதை அடக்கி, மிச்சமிருக்கும் குறுகிய இடத்துக்குள் உலகத்தை மடித்துக் கொடுப்பது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. இன்றைய கருவிகளில் இது சாதாரணம். வாசிப்பவரும் பெட்டியும் வேறுவேறாகத் தெரியக் கூடாது என்று மேடையில் நிரூபிக்க முயன்றவர், மீதி வாழ்க்கையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றுகிற வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டில் எது பெரிய விசுவாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் செய்தது இது. புதுக் கெப்பாசிட்டரோடு அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன், மூலத்துக்கு என்னால் முடிந்த அளவு பக்கம். அதற்குப் பின்னால் 2.7 ஓம் ஒன்று. பின்பலகையில் ஒரு சின்ன சுவிட்ச். மேலே தள்ளினால் 2.7 விலகிக்கொள்ளும், என் பாடம். கீழே தள்ளினால் சேர்ந்துகொள்ளும், அப்பாவின் பாடம். மூடுவதற்கு முன் பலகையின் உள்பக்கம் பென்சிலால் தேதி, பழைய அளவு, புதிய அளவு எல்லாம் எழுதினேன். முப்பது வருடம் கழித்து யாராவது திறப்பார்கள், அப்போதும் ஃபோம் மக்கியிருக்கும். பழைய கெப்பாசிட்டர்கள் மைலோ டின்னில் இருக்கின்றன. அம்மா இரண்டு முறை தூக்கிப் போடப் பார்த்தார்.

அப்பாவிடம் சுவிட்சைக் காட்டினேன். மேலும் கீழுமாகப் பத்துத் தடவை தள்ளிப் பார்த்தார். கீழே வைத்தார். காது கருவிக்கு அளவெடுத்தாகிவிட்டது, அடுத்த மாதம் வரும். வேண்டாம் வேண்டாம் என்றவர்தான். என்ன நினைத்தாரோ, மறுபடியும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து சுவிட்சைத் தொட்டார்.

"அந்த மெஷின மாட்டிட்டு வந்து இன்னொருவாட்டி கேக்குறேன். அதுவரைக்கும் ரெண்டையும் கழட்டாத."