வண்டி மறுபடி வருமா?

வனவிலங்குப் பாதுகாப்பை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க எடுக்கப்படும் முயற்சிகளில் கைதட்டல் அதிகம் வாங்குவது ஊர் ஊராகப் போய்க் கற்பிக்கும் வண்டிதான். 2012 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று டெல்லியிலிருந்து புறப்பட்ட ‘சயின்ஸ் எக்ஸ்பிரஸ்’ பல்லுயிர்ச் சிறப்பு ரயில், 16 குளிர்சாதனப் பெட்டிகளோடு ஊர் ஊராகப் போய் நின்றது. அறிவியல் கல்வியிலும் இதே வழிதான்: தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், நடமாடும் அறிவியல் ஆய்வகமாக அரசுப் பள்ளிகளின் வாசலுக்கே கருத்தாளர்களை அனுப்புகிறது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், வேட்டையில் விபத்து நேராமல் துப்பாக்கியைக் கையாளக் கற்றுத்தரும் வண்டிகள் பள்ளிகளையும் கண்காட்சித் திடல்களையும் தேடிப் போகின்றன. தேடிப்போய்க் கற்பிக்கும் இந்த முறை நம் மண்ணில் என்ன சாதிக்கும், எங்கே சறுக்கும் என்பதை நெய்வேலியை முன்வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

நெய்வேலி இதற்குப் பொருத்தமான இடம். 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவானபின் எழுந்த நகரியத்தில், மரம் அடர்ந்த குடியிருப்பு வட்டங்களில் மயில் உலவுகிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போகிறது; அங்கே நாரையும் கொக்கும் இறங்குகின்றன. நகரியத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி, நூலகம், ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி எல்லாம் உண்டு. சுற்றியுள்ள முந்திரிக்காட்டுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. முயலும் கௌதாரியும் உடும்பும் நடமாடுவதோ அவர்கள் பக்கத்தில்தான்.

வண்டியின் முதல் பலம் இங்கேதான் இருக்கிறது. கூட்டம் போட்டால் வராதவர்களை அது தேடிப்போகிறது. இரண்டாவது பலம், பொருளைக் கையில் கொடுப்பது. ஒரு கம்பிச் சுருக்கைத் தொட்டு, அது எப்படி இறுகுகிறது என்று விரலால் அறிந்த சிறுவனுக்கு, அதில் மாட்டிய முயலின் கழுத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்றாவது, ஊருக்குள் யாரும் வாய்திறக்காத சட்டத்தை வெளியாள் பேசமுடியும்.

அந்தச் சட்டம் பேசப்படவே வேண்டும். அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரியே வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. அதனால் அங்கே வேட்டைப் பாதுகாப்பு ஒரு பாடம். இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுக்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட அதன் கணக்கில் வேட்டை. உண்டிவில்லோடு தோப்புக்குள் நுழையும் பையனுக்கும், கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கும் வீட்டுக்கும் இது தெரிவதில்லை.

நம் ஊரில் பாதுகாப்பு என்றால் அது வேறு ஆபத்துகளைப் பற்றியது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடி, அதை எடுத்துப் பார்க்கும் பிள்ளையின் கையிலேயே வெடிக்கக்கூடும். வயலைச் சுற்றித் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிக்குப் பன்றி எது, மனிதர் யார் என்ற பேதம் கிடையாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கப் போட்ட இப்படியொரு வேலியில் மூன்று யானைகள் மாண்டன. பயிரை அழிக்கும் பன்றியைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் அரசு வழி அறிவித்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என்றுதான் வரையறுத்தது. விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தருவது உயிர்காக்கும் கல்வி.

இனி குறைகள். முதல் குறை உள்ளடக்கத்தில். நடமாடும் கண்காட்சிகளில் புலியும் யானையும் காண்டாமிருகமும் பெரிய படங்களாகத் தொங்குகின்றன. முந்திரிக்காட்டுப் பிள்ளை புலியைக் கொல்லப்போவதில்லை. அவன் கைக்கு எட்டுவது காடையும் சில்லையும் உடும்பும். அவன் அறிந்த உயிரைப் பேசாத பாடம் அவனை ரசிகனாக்கும், காவலனாக்காது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. “வேட்டையாடுவது குற்றம்” என்று மேடையில் முழங்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர், இருளர் வீட்டுப் பிள்ளை தலைகுனிகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலைச் சட்டம் பறித்த அளவுக்கு மாற்றுத் தொழிலை யாரும் தரவில்லை. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023இல்தான். அவமானப்படுத்தும் கல்வி யாரையும் திருத்தியதில்லை. இருளர்களிடமிருந்து கற்க நமக்கு நிறைய இருக்கிறது. 1978இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைத் தோலுக்காகக் கொன்ற கைகளை, விஷம் எடுத்துவிட்டு உயிரோடு விடும் கைகளாக மாற்றியது. அந்த மக்களில் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால், 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். இப்படிப்பட்டவர்கள் வண்டியில் ஆசிரியர்களாக வந்து இறங்க வேண்டும்.

மூன்றாவது குறை: வண்டி போய்விடுகிறது. எத்தனை பள்ளி, எத்தனை மாணவர் என்ற கணக்கு அறிக்கையில் ஏறுகிறது. அடுத்த மாதம் அந்தத் தோப்பில் கண்ணி குறைந்ததா என்று பார்க்க ஆளில்லை. நாகாலாந்து வேறு பாடம் சொல்கிறது. 2012இல் டோயாங் நீர்த்தேக்கத்தின் பாங்டி பகுதியில், வலசை வந்த அமூர் வல்லூறுகள் லட்சத்துக்கும் மேல் வலைவீசிக் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. மறு ஆண்டே அந்தக் கொலை ஏறக்குறைய நின்றது. வெளியிலிருந்து ஆர்வலர்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் கிராம சபையோடும் தேவாலயத்தோடும் உட்கார்ந்து பேசினார்கள், பிள்ளைகளுக்குச் சூழல் மன்றங்கள் அமைத்தார்கள், அடுத்த வலசைக்கும் அங்கே இருந்தார்கள். ஊரே முடிவெடுத்தது, அதனால் நிலைத்தது.

ஆக, வண்டி வேண்டுமா என்பதல்ல கேள்வி, வேண்டும். ஒருநாள் விழாவாக முடிந்துபோகும் வண்டியால் பயன் சொற்பம். ஒரே பள்ளிக்குப் பருவத்துக்கு ஒருமுறையாவது திரும்ப வரட்டும். முதல் வருகையில் அந்த ஊரின் பறவைகளைப் பிள்ளைகளே பட்டியலிடட்டும். அடுத்த வருகையில் பட்டியலைச் சரிபார்க்கட்டும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் அந்தப் பட்டியல் சேரட்டும். இரண்டு வருகைகளுக்கு நடுவே அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் அதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. உயிர் இரக்கம் இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதல்ல. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வியைத் தொடர்ந்து கொடுக்கும் வசதியும் கடமையும் நிலக்கரி நிறுவனத்துக்கு உண்டு. அதன் சமூகப் பொறுப்பு நிதியில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கும்போது, எத்தனை பள்ளிக்கு வண்டி போனது என்று யாரும் கேட்க வேண்டாம். எத்தனை பள்ளிக்கு மூன்றாவது முறையும் போனது என்று கேட்கட்டும்.